218 புள்ளி எடுத்தவர் தோற்றார், 204 எடுத்தவர் ஜெயித்தார்: 2019 விம்பிள்டன் இறுதி ஆட்டத்தின் உத்தி

கிராஸ்கோர்ட்:

2019 விம்பிள்டன் இறுதி ஆட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் ஒன்று "ஃபெடரர் பதறிட்டார்" என்பார்கள், இல்லையென்றால் "ஜோகோவிச்சுக்கு இரும்பு மனசு" என்பார்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும். ஐந்து மணி நேரம் நடந்த ஆட்டத்துக்கு இது போதாது. உத்தி அளவில் உட்கார்ந்து பேசலாம் என்றுதான் இந்த இழை.

முதலில் கணக்கு. ஜோகோவிச் 7-6, 1-6, 7-6, 4-6, 13-12 என்று வென்றார். நேரம் 4 மணி 57 நிமிடம். மொத்தம் 422 புள்ளிகள், அதில் ஃபெடரர் 218, ஜோகோவிச் 204. கேம் கணக்கில் ஃபெடரர் 36, ஜோகோவிச் 32. வின்னர்கள் (எதிராளி எட்டவே முடியாத அடிகள்) 94-க்கு 54. ஏஸ் (எதிராளி தொடவே முடியாத சர்வ்) 25-க்கு 10. எதிராளியின் சர்வை ஃபெடரர் 7 முறை உடைத்தார், அதாவது எதிராளி சர்வ் செய்த கேமை வென்றார், ஜோகோவிச் 3 முறைதான். இன்னொன்றையும் கவனியுங்கள். நாலாவது செட்டில் ஃபெடரர் 5-2 என்று முன்னால் போகும் வரை ஜோகோவிச்சுக்கு ஒரு பிரேக் பாயிண்ட்கூட (இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் எதிராளியின் சர்வ் உடையும் நிலை) கிடைக்கவில்லை.

இப்போது மூன்று டைபிரேக்குகளையும் (செட் சமனாகும்போது அதை முடிவு செய்ய ஆடும் கடைசி கேம்) தனியாகப் பிரித்து வையுங்கள். 7-5, 7-4, 7-3. மூன்றையும் கூட்டினால் ஜோகோவிச் 21, ஃபெடரர் 12. அதைக் கழித்தால் மீதி ஆட்டம் முழுக்க ஃபெடரர் 206, ஜோகோவிச் 183. அதாவது 389 புள்ளிகளில் 53 விழுக்காடு எடுத்தவர், 33 புள்ளிகளில் 36 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டார். ஆட்டத்தின் விடை அந்த 33 புள்ளிகளுக்குள்தான் இருக்கிறது.

அந்த மூன்று டைபிரேக்கிலும் சேர்த்து ஜோகோவிச் செய்த அன்ஃபோர்ஸ்டு எரர் (எதிராளி நெருக்காமலே தானாகச் செய்யும் தவறு) பூஜ்யம். மீதி ஆட்டத்தில் அவர் 50-க்கு மேல் செய்திருக்கிறார் என்பதை நினைத்துப் பார்த்தால்தான் இதன் கனம் தெரியும்.

என் வாதம் இதுதான். டைபிரேக் வந்ததும் ஜோகோவிச் வேறு ஆட்டம் ஆடினார். ரிட்டர்னை (சர்வைத் திருப்பி அடிப்பது) கோர்ட்டின் நடுவில், பேஸ்லைனை, அதாவது பின்கோட்டை ஒட்டி ஆழமாகப் போட்டார். கோணம் தரவில்லை. ஃபெடரரோ மற்ற நேரங்களில் ஆடிய அதே ஆட்டத்தை ஆடினார்: முதல் மூன்று நான்கு அடிகளுக்குள் ஃபோர்ஹேண்டால் புள்ளியை முடித்துவிடுவது. காலடியில் வந்து விழும் பந்தை, கோணமே இல்லாத இடத்திலிருந்து வின்னர் அடிக்க வேண்டுமென்றால் கோட்டை ஒட்டித்தான் அடிக்க வேண்டும். அங்கேதான் தவறுகள் பிறந்தன. முதல் செட்டின் டைபிரேக்கில் 5-3 என்று முன்னால் இருந்தவர் தொடர்ந்து நான்கு புள்ளிகளை விட்டார். ஆட்டத்தின் கடைசிப் புள்ளியில்கூட அவருடைய ஃபோர்ஹேண்ட் மட்டையின் விளிம்பில் பட்டுத்தான் பறந்தது.

இதைப் பதற்றம் என்று ஒரு சொல்லில் முடிக்க எனக்கு மனமில்லை.

புல்தரை ரசிகன்:

அருமையான தொடக்கம் சார். ஆனால் ஒரு பெரிய விஷயத்தைத் தாண்டிப் போய்விட்டீர்கள். ஐந்தாவது செட், 8-7, ஃபெடரர் சர்வ், 40-15. கையில் இரண்டு சாம்பியன்ஷிப் பாயிண்ட், ஒன்றை எடுத்தாலே பட்டம். அதில் ஒன்று விழுந்திருந்தால் இந்த டைபிரேக் ஆராய்ச்சியே வந்திருக்காது. 206-க்கு 183 என்று ஆடியவர் இரண்டு புள்ளியை முடிக்க முடியாமல் போனால், அதற்குப் பெயர் பதற்றம் இல்லாமல் வேறென்ன? நான் அவருடைய ரசிகன். அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை. ஆனாலும் உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அதோடு இது முதல் தடவையும் இல்லை. 2011 யுஎஸ் ஓப்பன் அரையிறுதி, ஐந்தாவது செட், 5-3, அப்போதும் ஃபெடரர் சர்வ், அப்போதும் 40-15. ஜோகோவிச் கண்ணை மூடிக்கொண்டு அடித்த மாதிரி ஒரு ஃபோர்ஹேண்ட் ரிட்டர்ன் வின்னர். அப்புறம் 7-5 என்று செட்டும் போனது. 2010-லும் அதே மைதானம், அதே அரையிறுதி, இரண்டு மேட்ச் பாயிண்ட் போனது. அந்த நினைவு அவர் தலைக்குள் இருந்திருக்கும்.

எண்கணக்கு:

40-15 பற்றி. புல்தரையில் நல்ல சர்வ் உள்ளவர் தன் சர்வில் ஒரு புள்ளியை வெல்லும் வாய்ப்பு 65 விழுக்காடு என்று வைப்போம். 40-15 நிலையிலிருந்து அந்த கேமை வெல்லும் வாய்ப்பு 97 விழுக்காடு வருகிறது. ஆனால் இரண்டு புள்ளிகளும் அடுத்தடுத்துப் போகும் வாய்ப்பு மட்டும் தனியே 12 விழுக்காடு, ஏறக்குறைய எட்டில் ஒன்று. ட்யூஸ் (40-40 சமநிலை) ஆவது அப்படியொன்றும் அபூர்வம் இல்லை. ட்யூஸுக்குப் பிறகும் அந்த கேமை எடுக்க முடியாமல் போனதுதான் அபூர்வம். அந்த இரண்டு புள்ளிகளையும் யாரும் பேசுவதில்லை.

இன்னொரு கணக்கு. ஐந்தாவது செட்டில் முதலில் சர்வ் செய்தவர் ஜோகோவிச். அப்படியென்றால் அந்த 8-7 தவிர ஃபெடரர் பின்னாலிருந்துதான் சர்வ் செய்தார். 4-5, 5-6, 6-7, பிறகு 8-9, 9-10, 10-11, 11-12. இந்த ஏழு கேமிலும் சர்வை இழந்தால் ஆட்டமே முடிந்துவிடும். ஏழையும் காப்பாற்றினார். அதிலும் நான்கு, அந்த 40-15 கைநழுவிப் போனதற்குப் பிறகு. பதறிய மனிதர் இப்படி ஆடமாட்டார். 37 வயது, அடுத்த மாதம் 38, முந்தைய ஆட்டத்தில் நடாலை நான்கு செட்டில் வென்றுவிட்டு வந்திருக்கிறார்.

டைபிரேக் அதிர்ஷ்டமா என்று யாராவது கேட்பார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். ஃபெடரர் ஒரு டைபிரேக்கை இழக்கும் வாய்ப்பு 40 விழுக்காடு என்று வைத்தால், மூன்றையும் இழப்பது நூற்றில் ஆறு தடவை நடக்கும். அதிர்ஷ்டத்தின் பங்கு கொஞ்சம் இருக்கலாம். ஆனால் எதிராளி மூன்றிலும் ஒரு தவறுகூடச் செய்யவில்லை என்று தெரிந்த பிறகு அதிர்ஷ்டத்தைத் தேடிப் போக வேண்டிய அவசியமில்லை.

வலையோரம்:

நான் ரொம்ப வருடம் மாவட்ட அளவில் ஆடியவன், இப்போது பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். அந்த இரண்டு சாம்பியன்ஷிப் பாயிண்டையும் உத்தியாகப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு வகை.

முதலாவதில் ஃபெடரரின் ஃபோர்ஹேண்ட் வெளியே போனது. அது தவறு, சரி. இரண்டாவதில் அவர் ஃபோர்ஹேண்டால் அப்ரோச் (வலைக்கு முன்னேற அடிக்கும் அடி) அடித்து வலைக்கு வந்தார், ஜோகோவிச் அவரைத் தாண்டிப் போகும்படி குறுக்காக ஃபோர்ஹேண்ட் பாஸிங் ஷாட் அடித்தார். இதில் முடிவு தப்பில்லை. அன்று முழுக்க ஃபெடரர் வலையில்தான் நிறையச் சம்பாதித்தார். அப்ரோச்சின் கனம்தான் போதவில்லை. இன்னும் ஆழமாக, ஜோகோவிச்சின் பேக்ஹேண்ட் பக்கம் போயிருந்தால் கதை வேறு. அல்லது நேராக உடம்பை நோக்கி. வலைக்கு வரும்போது எதிராளிக்குக் கோணம் கொடுக்காத இடம் நடுதான். ஓடிவந்து குறுக்கே அடிக்க இடம் கொடுத்தால் ஜோகோவிச் மாதிரி ஆள் விடமாட்டார்.

ஆக இந்த இரண்டு புள்ளிகளுக்கும் டைபிரேக்குக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. கிராஸ்கோர்ட் சொல்வது இங்கேயும் பொருந்தும். பெரிய புள்ளிகளில் ஜோகோவிச் பந்தைக் கோர்ட்டுக்குள் வைத்தார், நீயே முடி என்று ஃபெடரரிடம் கொடுத்தார்.

திருச்சி லெஃப்டி:

அண்ணா, ஒரு சந்தேகம். இரண்டாவது செட் 6-1, நாலாவது செட் 6-4. அந்த இரண்டிலும் ஃபெடரர் பேக்ஹேண்ட் ஸ்லைஸ் (பந்தின் அடியில் வெட்டி அடிப்பது) போட்டே ஜோகோவிச்சைக் குனிய வைத்தாரே. அதே ஸ்லைஸ் டைபிரேக்கில் ஏன் வேலை செய்யவில்லை?

அப்புறம், அன்றைக்கு லார்ட்ஸில் உலகக் கோப்பை இறுதியும் நடந்தது ஞாபகமிருக்கா? எங்கள் வீட்டில் ஒரே டிவி. ரிமோட்டுக்குச் சண்டை. அங்கே சூப்பர் ஓவரும் சமன், பவுண்டரி எண்ணி இங்கிலாந்துக்குக் கோப்பை. இங்கே அதிகப் புள்ளி எடுத்தவருக்குத் தோல்வி. ஒரே ராத்திரியில் இரண்டையும் பார்த்துவிட்டு எனக்கு மனசே ஆறவில்லை.

வலையோரம்:

தம்பி, நல்ல கேள்வி. புல்தரையில் ஸ்லைஸ் எழும்பாது, வழுக்கிக்கொண்டு தாழப் போகும். இரண்டு கையால் பேக்ஹேண்ட் அடிப்பவர் முழங்காலை மடக்கி அதைத் தோண்டி எடுக்க வேண்டும். குட்டையாக ஒரு ஸ்லைஸ் போட்டு முன்னால் இழுத்தால் அவருக்கு இன்னும் சங்கடம். ஜோகோவிச் பேஸ்லைனில் இருக்கும்போது ராஜா. பாதி வழியில் நிற்க வைத்தால் அந்த அளவு வசதி கிடையாது. ஃபெடரர் அதைச் சரியாகப் படித்து வைத்திருந்தார்.

ஆனால் ஸ்லைஸ் உடனே பலன் தராது. ஒரு ஸ்லைஸில் புள்ளி கிடைக்காது. நான்கு, ஐந்து அடி கழித்து ஒரு எளிய பந்து வரும், அதை அடிக்க வேண்டும். அதற்குப் பொறுமை வேண்டும். கேமில் 15-0, 30-0 என்று இருக்கும்போது அந்தப் பொறுமை தானாக வரும், ஏனென்றால் ஒரு புள்ளி போனாலும் பரவாயில்லை. டைபிரேக்கில் ஒவ்வொரு சர்வ் புள்ளியும் எண்ணிக்கையில் ஏறுகிறது. சீக்கிரம் முடித்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் முதலில் கைவிடுவது ஸ்லைஸைத்தான். நான் பிள்ளைகளிடம் தினமும் பார்ப்பது இது. உலகத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கும் அதே கை, அதே மனசுதானே. டைபிரேக்கில் அவர் இன்னும் நிறைய ஸ்லைஸ் போட்டிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

புல்தரை ரசிகன்:

வலையோரம் சார் சொன்னது யோசிக்க வைக்கிறது. ஆனால் ஃபெடரருக்கு டைபிரேக் ஆடத் தெரியாது என்ற அர்த்தம் வந்துவிடக் கூடாது. 2009 விம்பிள்டன் இறுதியை நினைத்துப் பாருங்கள். ரோடிக் முதல் செட்டை எடுத்துவிட்டார், இரண்டாவது செட் டைபிரேக்கில் 6-2. நான்கு செட் பாயிண்ட். ஃபெடரர் அதைத் திருப்பி 8-6 என்று எடுத்தார். 77 கேம் நடந்த அந்த ஆட்டத்தில் ரோடிக்கின் சர்வ் உடைந்தது ஒரே ஒரு தடவை, கடைசி கேமில், 16-14. அன்று இந்தப் பக்கம் நின்றவர் ஃபெடரர்தான்.

எண்கணக்கு:

அதிகப் புள்ளி எடுத்துத் தோற்பது டென்னிஸில் புதிதல்ல. 2010-ல் இஸ்னர், மஹுட் மூன்று நாள் ஆடினார்களே, கடைசி செட் 70-68. அதில் மஹுட் 502, இஸ்னர் 478. இஸ்னர் வென்றார். 2025 ரோலண்ட் காரோஸ் (பிரெஞ்சு ஓப்பன்) இறுதியில் சின்னர் 193, அல்கராஸ் 192. அல்கராஸ் வென்றார்.

ஃபெடரரே 2024-ல் டார்ட்மத் கல்லூரிப் பட்டமளிப்பு உரையில் இதைச் சொன்னார். 1,526 ஒற்றையர் ஆட்டங்களில் ஏறக்குறைய 80 விழுக்காடு வென்றவர், வாழ்நாளில் எடுத்த புள்ளிகள் வெறும் 54 விழுக்காடு. அவ்வளவு மெல்லிய இடைவெளியில்தான் ஒரு சகாப்தமே நிற்கிறது. 6-1 என்று ஒரு செட்டை வாரிக்கொண்டு போவது புள்ளிக் கணக்கை ஊதிவிடும். 7-6 என்று மூன்று செட் எடுப்பது ஊதாது. ஆகவே 218-204 என்ற எண்ணை வைத்து ஃபெடரர்தான் நன்றாக ஆடினார் என்று முடிவு கட்டாதீர்கள். கிராஸ்கோர்ட் செய்தது மாதிரி பிரித்துப் பார்க்க வேண்டும்.

கிராஸ்கோர்ட்:

எல்லோருக்கும் நன்றி. புல்தரை ரசிகன் சொன்ன நினைவுச் சுமையை நான் மறுக்கவில்லை. ஆனால் அது ஃபெடரரின் பக்கம் மட்டும் இருந்ததாகப் பார்க்கிறோம். அன்று அரங்கமே ஃபெடரருக்காகக் கத்தியது. "ரோஜர்" என்று கத்தும்போது தன் பெயரைக் கத்துவதாக நினைத்துக்கொண்டதாக ஜோகோவிச் ஆட்டத்துக்குப் பிறகு சொன்னார். இது வெறும் மனவலிமைக் கதையாகத்தான் சொல்லப்படுகிறது. எனக்கு இது ஒரு வேலைத் திட்டமாகத் தெரிகிறது. கவனத்தை எங்கே வைப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்கிறார். ரிட்டர்னை எங்கே போடுவது என்பதும் அதே மாதிரி முன்கூட்டியே எடுத்த முடிவு.

இது ஒரு நாள் கூத்து இல்லை என்பதற்குச் சான்று 2023 ரோலண்ட் காரோஸ். அந்தத் தொடரில் ஜோகோவிச் ஆறு டைபிரேக் ஆடினார். ஆறையும் வென்றார். ஆறிலும் சேர்த்து அன்ஃபோர்ஸ்டு எரர் பூஜ்யம். புல்தரை போய்க் களிமண் வந்தாலும், நான்கு வருடம் ஓடிப்போய் எதிராளிகள் மாறினாலும் அதே முறை. 36 வயதில். இதைப் பார்த்த பிறகும் இதை மனசு என்று மட்டும் சொல்ல முடியுமா? பயிற்சியில் செய்து செய்து பழகிய ஆட்டம் இது.

திருச்சி லெஃப்டி:

அண்ணா, அப்படியென்றால் அல்கராஸ்? எண்கணக்கு அண்ணா சொன்ன அதே 2025 ரோலண்ட் காரோஸ் இறுதி. நாலாவது செட், சின்னர் 5-3, அல்கராஸ் சர்வில் 0-40. மூன்று சாம்பியன்ஷிப் பாயிண்ட். அதைத் தாண்டி, அடுத்து சின்னர் 5-4-ல் சர்வ் செய்ததையும் உடைத்து, டைபிரேக்கில் அந்த செட்டை எடுத்தார். ஐந்தாவது செட்டின் பத்துப் புள்ளி டைபிரேக்கில் 7-0 என்று போய் 10-2. அங்கே அவர் பாதுகாப்பாக ஆடவே இல்லை. எல்லாப் பந்தையும் அடித்து விளாசினார். ஐந்தரை மணி நேரத்துக்கு ஒரு நிமிடம் குறைவு, அப்போதும் கோட்டைத் தொட்டுக்கொண்டு போகிற ஃபோர்ஹேண்ட். உங்கள் கொள்கைப்படி அவர் தோற்றிருக்க வேண்டுமே?

செர்வ் அண்ட் வாலி:

இத்தனை நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். லெஃப்டி கேட்டதற்கு ஒரு பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

சின்னர் அடிப்பது கிட்டத்தட்ட எல்லாமே ஒரே தாளம். பேஸ்லைனிலிருந்து தட்டையாக, வேகமாக, ஆழமாக. அந்தத் தாளத்தில் பந்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டே இருந்தால் அவர்தான் வெல்வார். அவருடன் பொறுமைப் போட்டி நடத்துவதில் லாபமில்லை. ஆக அல்கராஸ் அடித்து ஆடியது எதிராளியைப் பார்த்து எடுத்த சரியான முடிவு. ஃபெடரர் நீண்ட ராலியை (இருவரும் மாறி மாறி அடிக்கும் தொடரை) விரும்பாதவர், அவரிடம் பந்தைத் திருப்பித் திருப்பிக் கொடுத்தது ஜோகோவிச்சின் சரியான முடிவு. எதிராளிக்கு எது பிடிக்காதோ அதைப் பெரிய புள்ளியில் கொடுப்பதுதான் இரண்டு இடத்திலும் நடந்தது. எந்தப் பாணி என்பது இரண்டாம் பட்சம்.

சின்னரே பிறகு இதைப் புரிந்துகொண்டார். 2025 யுஎஸ் ஓப்பன் இறுதியில் அல்கராஸிடம் 2-6, 6-3, 1-6, 4-6 என்று தோற்ற பிறகு, தன் ஆட்டம் எதிராளி எளிதில் கணிக்கும்படி ஆகிவிட்டது, மாற்ற வேண்டும் என்று வெளிப்படையாகச் சொன்னார். தோற்ற கையோடு இப்படி உத்தி பேசும் ஆட்டக்காரர்கள் குறைவு. அந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடித்தது.

கிராஸ்கோர்ட்:

செர்வ் அண்ட் வாலி, என் வாதத்தைவிட உங்கள் வாதம் அகலமாக இருக்கிறது. அதை வைத்தே ஜோகோவிச்சும் அல்கராஸும் மோதிய 2023 விம்பிள்டன் இறுதியைப் பார்க்கலாம். அங்கேதான் ஜோகோவிச்சின் இந்த டைபிரேக் பூட்டு உடைந்தது.

கிராண்ட்ஸ்லாம்களில் தொடர்ந்து 15 டைபிரேக் வென்றுவிட்டு அந்த இறுதிக்கு வந்தார். முதல் செட்டை 6-1 என்று எடுத்தார். இரண்டாவது செட் டைபிரேக்கில் 6-5, அவருக்கு செட் பாயிண்ட். அங்கே பேக்ஹேண்டை வலையில் அடித்தார். அடுத்த புள்ளியிலும் பேக்ஹேண்ட் வலையில். அவருடைய பேக்ஹேண்ட்! ஆழமாக, நடுவில், தவறில்லாமல் போகும் அந்த முறைக்கே ஆதாரமான அடி அது. 7-6-ல் அல்கராஸ் ஒரு பேக்ஹேண்ட் ரிட்டர்ன் வின்னரால் செட்டை முடித்தார். ஆட்டமும் பிறகு ஐந்து செட்டில் அல்கராஸுக்குப் போனது.

ஏன் அங்கே உடைந்தது என்றால், அல்கராஸுக்கு ராலி நீண்டாலும் கவலையில்லை, சுருங்கினாலும் கவலையில்லை. நடுவில் ஆழமாகப் போட்டால் ட்ராப் ஷாட் (வலையை ஒட்டி மெல்ல விழும் அடி) போட்டு முன்னால் இழுப்பார். ட்ராப் ஷாட்டுக்குப் பயந்து ஒரு அடி முன்னால் நின்றால் பின்னால் தள்ளுவார். ஜோகோவிச் "நீயே முடி" என்று கொடுத்த பந்தை முடிக்க அவருக்கு மூன்று வழி இருந்தது. 2019-ல் ஃபெடரருக்கும் ஸ்லைஸ் இருந்தது, ட்ராப் ஷாட் இருந்தது, வலைக்கு வரும் ஆட்டம் இருந்தது. டைபிரேக்கில் அவர் நம்பியது ஃபோர்ஹேண்ட் ஒன்றை மட்டும்.

வலையோரம்:

சரியாகச் சொன்னீர்கள். அதோடு ஒன்று சேர்க்கிறேன். ஜோகோவிச் கடைசி செட் டைபிரேக்கில் நன்றாக ஆடினார் என்று மட்டும் எல்லோரும் சொல்கிறார்கள். அதற்கு முன்னால் 11-11-ல் அவர் சர்வில் ஃபெடரருக்கு இரண்டு பிரேக் பாயிண்ட் கிடைத்தது. அதை மறந்துவிடுகிறோம். அதில் ஒன்று விழுந்திருந்தால் ஃபெடரர் 12-11-ல் மறுபடி பட்டத்துக்காக சர்வ் செய்திருப்பார். மூன்றாவது செட்டில் 5-4-ல் ஜோகோவிச் சர்வில் ஒரு செட் பாயிண்டும் அப்படியே போனது. டைபிரேக்குக்கு வராமலே முடித்திருக்க வேண்டிய இடங்கள் இவை. ஜோகோவிச்சுக்கு எதிராக ஆடுகிறவர் டைபிரேக்கில் என்ன செய்வது என்று யோசிப்பதற்கு முன்னால், அங்கே போய்ச் சேராமல் இருக்க என்ன செய்வது என்று யோசிக்க வேண்டும். அடுத்து யாராவது அந்த 11-11 கேமை மட்டும் எடுத்து ஒவ்வொரு புள்ளியாக எழுதினால் நன்றாக இருக்கும். என்னிடம் படிக்கும் பிள்ளைகளுக்கும் அதைப் போட்டுக் காட்டுவேன்.